கூரை மேல ஒக்காந்திருக்கிற சிங்கம்: ஒகினாவா வீடுகளோட ஷீசா பத்தி ஒரு எளிய விளக்கம்

ஜப்பானோட தென்மேற்கு மூலையில, கடலுக்கு நடுவுல கெடக்கிற தீவு ஒகினாவா. அதோட தலைநகரம் நாஹா. அந்த ஊர்ல எந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சாலும் யாரோ நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். நிமிந்து பாத்தா செவப்பு ஓட்டுக் கூரை மேல ஒரு மிருகம். அடுத்த வீட்டு கேட் தூண் ரெண்டுலயும் ரெண்டு. அதுக்கடுத்து சின்ன சாப்பாட்டுக் கடை, அதோட வாசப்படியில செருப்பு வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு. சுருட்டை சுருட்டையா பிடரி, முட்டைக்கண்ணு, காதுலருந்து காது வரைக்கும் வாய், கோரப்பல்லு. சிங்கம்னு சொன்னா நாய் மாதிரி இருக்கு, நாய்னு சொன்னா சிங்கம் மாதிரி இருக்கு. இதோட பேருதான் ஷீசா.

நான் அங்க போயிருந்தப்போ மொதல் ரெண்டு நாள் இது ஏதோ டூரிஸ்ட்டுக்காக வச்ச அலங்காரம்னுதான் நெனச்சேன். மூணாவது நாள் மெயின் ரோட்டை விட்டுட்டு சும்மா வீடுங்க மட்டும் இருக்கிற பக்கம் நடந்து போனப்பதான் தெரிஞ்சது, டூரிஸ்ட் யாரும் எட்டிக்கூட பாக்காத தெருவுலயும் வீட்டுக்கு வீடு இது இருக்கு, அதுவும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. ஏன் இப்படின்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட இதுக்குள்ள ஒரு பெரிய கதையே இருந்துச்சு. அத முடிஞ்ச அளவு எளிமையா சொல்லிப் பாக்குறேன்.

மொதல்ல பேரு. ஜப்பான் மொழியில சிங்கத்துக்கு ஷிஷின்னு சொல்லுவாங்க, அதையே ஒகினாவாக்காரங்க அவங்க வாயில ஷீசான்னு சொல்றாங்க, அவ்ளோதான். வேலை என்னன்னா காவல். ஒகினாவா நம்பிக்கையில ஊருக்குள்ள சுத்துற கெட்ட சக்திங்களுக்கு மாஜிமுன்னு பேரு. அதுங்க வீட்டுக்குள்ள வராம தடுக்கிறதுதான் ஷீசாவோட டியூட்டி. நம்மூர்ல கட்டிட்டு இருக்கிற வீட்டுல நாக்கை நீட்டிட்டு தொங்குற திருஷ்டி பொம்மையைப் பாத்துப் பழகினவங்களுக்கு இது ஒரு செகண்ட்ல புரிஞ்சிடும்.

இன்னொரு விஷயமும் நமக்கு ரொம்பப் பழக்கமானது. மாஜிமுனுக்கு நேர் கோட்டுலதான் போகத் தெரியுமாம், திரும்பத் தெரியாதாம். அதனால ஒரு தெரு நேரா வந்து ஒரு வீட்டுச் சுவத்துல முட்டுதுன்னா அந்த எடத்துல இஷிகாந்தோன்னு எழுத்து செதுக்கின ஒரு கல்லைப் பதிச்சிருப்பாங்க. நம்ம பக்கம் தெருக்குத்துன்னு சொல்லி அங்க ஒரு பிள்ளையாரை வைப்போம் இல்லையா, அதே எடம், அதே பயம். பழைய வீடுகள்ல கேட்டுக்குள்ள நுழைஞ்ச ஒடனே முன்னாடி ஒரு தனிச் சுவர் நிக்கும், அதுக்கு ஹின்புன்னு பேரு, வெளிய இருந்து பாத்தா வீட்டுக்குள்ள தெரியாது, கெட்டதும் நேரா உள்ள வர முடியாது. ஆக தெருமுனையில கல்லு, வாசல்ல சுவரு, கூரையில ஷீசா, இப்படி ஒண்ணு விட்டா இன்னொண்ணு புடிக்கிற மாதிரி ஒரு முழு செட்டப். ஷீசாவைத் தனியா பாத்தா பொம்மை மாதிரி தெரியும், இந்த வரிசையில வச்சுப் பாத்தாதான் அது என்ன பண்ணுதுன்னு புரியும்.

சரி, ஒகினாவாவுல சிங்கமே கெடையாதே, அப்புறம் எப்படி? ஜப்பான்லயும் கெடையாது, சீனாவுலயும் காட்டுல கெடையாது, சீன அரசர்களுக்கு மேற்குப் பக்கத்து நாடுகள்லருந்து எப்பவாவது பரிசா வந்த சிங்கங்கதான். ஆனா சிங்கம்ங்கிற உருவம் மட்டும் புத்த மதத்தோட சேந்து இந்தியாவுலருந்து கெளம்பி சீனா வரைக்கும் நடந்து போச்சு. புத்தர் ஒக்காந்திருக்கிற பீடமே சிம்மாசனம்தானே. சிங்கத்தைக் கண்ணால பாக்காத சிற்பிங்க கேள்விப்பட்டதை வச்சு செதுக்கினாங்க, அதைப் பாத்து இன்னொருத்தர், அவரைப் பாத்து இன்னொருத்தர்னு கை மாறி மாறி வந்ததுல நாய் முகம் கொஞ்சம், டிராகன் கொஞ்சம் சேந்துடுச்சு. நம்ம கோயில் தூண்ல யாளியைச் செதுக்கினவரும் அப்படி ஒண்ணை நேர்ல பாத்திருக்க மாட்டாரு, ஆனா அது எவ்ளோ உயிரோட நிக்குது! கண்ணால பாக்காததுனால வர்ற சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு, ஷீசாவுக்கு அது நெறையவே கெடைச்சிருக்கு.

ஒகினாவாவுக்கு இது வந்து சேந்த வழி கடல். இன்னைக்கு அது ஜப்பானோட ஒரு மாகாணம், ஆனா 1429லருந்து 1879 வரைக்கும் அது ரியூக்யூன்னு தனி ராஜ்ஜியம். சின்ன நாடு, ஆனா கப்பல் எல்லா எடத்துக்கும் போகும், சீனா, சயாம், ஜாவா, மலாக்கா வரைக்கும். பதினஞ்சாம் நூற்றாண்டு மலாக்கா துறைமுகத்துல ரியூக்யூ வியாபாரிங்களும் இருந்தாங்க, நம்ம தமிழ் வணிகர்களும் இருந்தாங்க. இதைப் படிச்சதுலருந்து எனக்கு அந்த ஊரு மேல ஒரு தனிப் பாசமே வந்துடுச்சு.

ஆரம்பத்துல சிங்கம் ராஜா வீட்டுச் சொத்து. நாஹாவுல ஷூரி கோட்டையோட கான்காய்மோன் வாசல்ல ரெண்டு பக்கமும் கல் சிங்கம் நிக்கும். பக்கத்துலயே தாமாஉதுன்னு 1501ல கட்டின அரச குடும்பத்துக் கல்லறை இருக்கு, அது மேலயும் சிங்கங்க. சாதாரண சனங்க வீட்டுல இதுக்கெல்லாம் எடமே இல்ல.

அடுத்த படி, கிராமம். நாஹாவுலருந்து தெக்கால கொஞ்ச தூரம் போனா யாஏசேங்கிற ஊர்ல தோமிமோரின்னு ஒரு பகுதி. அங்க அடிக்கடி தீ புடிச்சு வீடெல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சனங்க நாஹாவுல குமேங்கிற பகுதியில, சீனாவுலருந்து வந்து குடியேறின குடும்பங்க இருக்கிற எடத்துல, ஃபெங்சுய் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டாங்க. அவரு எதிர்ல இருக்கிற யாஏசே மலையைக் காட்டி, அது நெருப்பு மலை, அதைப் பாத்த மாதிரி ஒரு சிங்கம் வையுங்கன்னு சொன்னாரு. வச்சாங்க. அது நடந்தது 1689ல. ஏறத்தாழ 1.4 மீட்டர் ஒசரம், ஒகினாவா கிராமங்கள்ல இருக்கிற கல் சிங்கங்கள்லயே பழசு அதுதான், இன்னைக்கும் அதே எடத்துல அதே மலையைப் பாத்துட்டு ஒக்காந்திருக்கு. அப்புறம் மத்த கிராமங்களும் வைக்க ஆரம்பிச்சாங்க. சில எடத்துல ஒரு கிராமத்துச் சிங்கம் நம்ம பக்கம் திரும்பியிருக்கேன்னு எதிர் கிராமம் பதிலுக்கு ஒண்ணு வச்ச கதையெல்லாம் உண்டு.

அந்தத் தோமிமோரி சிங்கத்தைக் கிட்டப் போய்ப் பாத்தா ஒடம்புல சின்னச் சின்ன குழியா இருக்கும். கல்லு பழசாகி வந்த குழி இல்ல அது. 1945ல ஒகினாவா சண்டையில துப்பாக்கிக் குண்டு பட்ட தழும்பு. அமெரிக்க சிப்பாய்ங்க அந்தச் சிங்கத்துக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னு எதிர்ப்பக்கம் பாக்குற மாதிரி ஒரு ஃபோட்டோ இருக்கு, அந்த ஊரு பத்திப் பேசுற எல்லா எடத்துலயும் அதைக் காட்டுவாங்க. அந்தக் குழியில வெரலை வச்சுப் பாத்தேன், நுனி வெரல் உள்ள போகுது. தீயைத் தடுக்க வச்ச சிங்கம், அது கண்ணு முன்னாடி தீவே எரிஞ்சிருக்கு. அதுக்கு மேல எனக்கு அங்க நின்னு ஃபோட்டோ எடுக்க மனசு வரல.

இனிமேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே. சிங்கம் எப்படி சாதாரண வீட்டுக் கூரைக்கு ஏறுச்சு?

பதில் ஒரு சட்டம். ரியூக்யூ ராஜ்ஜியத்துல சாதாரண சனங்க வீட்டுக்கு ஓடு போடக் கூடாது. ஓட்டுக் கூரை அரண்மனைக்கு, பெரிய குடும்பங்களுக்கு, கோயிலுக்கு மட்டும். மத்தவங்களுக்குப் புல்லுக் கூரைதான், காசு இருந்தாலும் அதுதான். ராஜ்ஜியம் போய் ஜப்பானோட சேந்ததுக்கு அப்புறம் 1889லதான் அந்தத் தடையை எடுத்தாங்க. அதுக்குப் பெறகுதான் மெதுவா மெதுவா ஊருக்குள்ள செவப்பு ஓடு பரவுச்சு, ஓட்டு மேல ஷீசாவும் ஏறுச்சு. அதாவது ஒகினாவான்னா ஒடனே நமக்கு ஞாபகம் வர்ற அந்த செவப்புக் கூரை, மேல சிங்கம்ங்கிற காட்சி ஆயிரம் வருஷப் பழசெல்லாம் இல்ல, ஒரு நூத்து முப்பது வருஷம்தான். எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. ராஜாவும் பெரிய குடும்பங்களும் மட்டும் வச்சுக்கலாம்னு இருந்த ஒரு கூரை தன் வீட்டுக்கும் வந்த ஒடனே, அந்தக் கூரை மேல ராஜா வாசல்ல நின்ன அதே சிங்கத்தையும் ஒக்கார வச்சிருக்கான் ஒரு சாதாரண மனுசன். அதைப் பாதுகாப்புக்கு வச்சதுன்னு மட்டும் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி.

அதை யாரு செஞ்சாங்கங்கிறது இன்னும் அழகு. சிற்பி இல்ல, குயவர் இல்ல. கூரை வேய வந்த கொத்தனார்தான்.

ஒகினாவா கூரையில ரெண்டு வகை ஓடு, பெண் ஓடு, ஆண் ஓடுன்னு. பெண் ஓடு கீழ லேசா வளைஞ்சு படுத்திருக்கும், ரெண்டு பெண் ஓட்டுக்கு நடுவுல இருக்கிற இடுக்கை மூடுற மாதிரி ஆண் ஓடு பாதி குழாய் மாதிரி கவுந்திருக்கும். புயல் அடிச்சா ஓடு பறந்துடக் கூடாதுன்னு எல்லா மூட்டுலயும் வெள்ளையா சுண்ணாம்புக் காரை வச்சு அடைப்பாங்க. தூரத்துலருந்து பாத்தா செவப்புல வெள்ளைக் கோடு போட்ட மாதிரி தெரியுறது அதுதான். அந்தக் காரைக்கு அவங்க ஊர்ல முச்சின்னு பேரு, பவளக் கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புல வைக்கோலைக் கலந்து குழைச்சு செய்யுறது, பூசின புதுசுல வைக்கோல் சாயத்துல லேசா மஞ்சளா இருக்கும், வெயில்ல காயக் காய வெளுக்கும்.

கூரை வேலை முடிஞ்சா என்ன மிஞ்சும்? ஒடைஞ்ச ஓடும், சட்டியில கொஞ்சம் காரையும். அதை வச்சுக்கிட்டு அந்தக் கொத்தனாரு கூரை மேலயே ஒக்காந்து ஒரு ஷீசா செஞ்சு வச்சுட்டு எறங்குவாரு. வீடு நல்லபடியா முடிஞ்சதுக்கு வீட்டுக்காரருக்கு அவரோட அன்பளிப்பு, கூலியில சேராது. அச்சு கெடையாது, படம் கெடையாது, அவரு மனசுல என்ன மொகம் வந்துச்சோ அதான் அந்த வீட்டுச் சிங்கத்தோட மொகம்.

இதை இப்ப சொல்லித் தர்ற பட்டறைகள் இருக்கு, நானும் ஒண்ணுல ஒக்காந்தேன். ஒரு ஓட்டை அடியில வச்சுட்டு, நீளமான ஒடைஞ்ச துண்டு ரெண்டை முன்னங்கால் மாதிரி நிறுத்தி அதைச் சுத்திக் காரையை அப்பணும். அகலமான துண்டு முதுகுக்கு. மொகத்துக்கு ஒரு துண்டு மேல, ஒரு துண்டு கீழ, நடுவுல இடைவெளி விட்டா அதான் வாய். பல்லுக்கு சின்னச் சின்ன கூர்த் துண்டா பொறுக்கி ஈரக் காரையில குத்தணும். காரை ரொம்ப ஈரமா இருந்தா தாடை தொங்கிடும், காஞ்சுட்டா பல்லு ஒட்டாது, அந்த நடு நேரத்தைப் புடிக்கிறதுதான் வேலையே. கொஞ்சம் அப்பிட்டு காய விட்டு மறுபடி அப்பணும், ஒரே மூச்சுல முடிக்க முடியாது. பட்டறைப் பெரியவர் என் கையிலருந்து ஒண்ணும் வாங்கித் திருத்தல, பல்லு வைக்கிறப்போ மட்டும் ஒரு துண்டைத் திருப்பிக் காட்டினாரு, ஒடைஞ்ச பக்கம் வெளிய தெரியுற மாதிரி. அப்படி வச்ச ஒடனே அது கடிக்கும் போல ஆயிடுச்சு.

நீங்க பழைய கூரை ஷீசா பாத்தா கவனிங்க, பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும், தனியா. ஜோடியா வைக்கிற பழக்கம் பின்னாடி வந்தது, ஜப்பான் கோயில் வாசல்ல வாய் தெறந்த ஒண்ணு, மூடின ஒண்ணுன்னு ரெண்டு காவல் மிருகம் நிக்குமே, அதோட சாயல். இப்ப கடையில வாங்கினா ஜோடியாத்தான் கெடைக்கும். வாய் தெறந்தது, வீட்டைப் பாத்து நின்னா நமக்கு வலது பக்கம். வாய் மூடினது இடது பக்கம். தெறந்தது கெட்டதை வெரட்டும், இல்லன்னா நல்லதைக் கூப்புடும். மூடினது உள்ள வந்த நல்லதை வெளிய விடாம புடிச்சு வைக்கும். எது ஆம்பளை எது பொம்பளைன்னு கேட்டா மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஒரு கடையில அந்த அம்மா வாய் மூடினதுதான் பொண்ணுன்னு அடிச்சு சொன்னாங்க, அடுத்த கடையில அப்படியே உல்டா. அதைப் பத்தி ரொம்ப மண்டையைக் கொழப்பிக்க வேண்டாம்.

ஷீசாவோட சக்தியைப் பத்தி ஒரு கதை நாஹா பக்கம் சொல்லுவாங்க. மாதான்பாஷிங்கிற ஊர்ல கடல் டிராகன் ஒண்ணு வந்து வீட்டை அழிச்சு ஆளுங்களைத் தின்னுட்டு இருந்துச்சாம். சீனாவுலருந்து வந்த ஒரு சின்ன சிங்க பொம்மையை ராஜா கழுத்துல மாட்டியிருந்தாரு. அதை டிராகன் பாக்குற மாதிரி தூக்கிப் புடிங்கன்னு ஒரு பையன் மூலமா சேதி வந்துச்சாம், ராஜா புடிச்ச ஒடனே ஊரே அதிர்ற மாதிரி ஒரு கர்ஜனை, வானத்துலருந்து ஒரு பெரிய பாறை விழுந்து டிராகன் வாலை அமுக்கிடுச்சு, அது அங்கயே செத்து மரம் செடி மூடி ஒரு குன்றாயிடுச்சு. கானா முய்னு அந்தக் குன்றை இன்னைக்கும் காட்டுறாங்க.

இப்ப நாஹாவுக்குத் திரும்புவோம். 1944 அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்க விமானங்க குண்டு போட்டதுல நாஹா நகரத்துல ஏறத்தாழ 90 சதவீதம் எரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் தரைச் சண்டை. அந்தச் செவப்புக் கூரைங்களும் மேல இருந்த சிங்கங்களும் கூண்டோட போச்சு. சண்டை முடிஞ்சப்போ நாஹாவுக்குள்ள பொதுசனம் யாரும் வரக் கூடாதுன்னு தடை. அந்தத் தடையைத் தாண்டி மொதல்ல உள்ள விட்டது யாரைத் தெரியுமா, குயவர்களை. 1945 நவம்பர்ல ட்சுபோயாங்கிற பகுதிக்கு. 1682ல ராஜா மூணு எடத்துல இருந்த சூளைங்களை ஒண்ணு சேத்து உண்டாக்கின மண்பாண்டத் தெரு அது, குண்டுல பெருசா அடிபடல, சனங்களுக்குச் சாப்புடக் கிண்ணம் வேணும் தட்டு வேணும், அதனால மொதல்ல அவங்க வந்தாங்க. அந்தத் தெருவைச் சுத்தித்தான் நாஹா மறுபடி ஊராச்சு.

புது வீடுங்க கான்கிரீட்ல வந்துச்சு. ஹாலோ பிளாக், தட்டையான மொட்டை மாடி. புயலுக்கு அதுதான் தாங்குச்சு, கரையானும் அரிக்காது, யாரும் கொறை சொல்ல முடியாது. ஆனா ஓடு இல்லாத வீட்டுல ஓட்டு மேல ஒக்காந்த சிங்கம் எங்க போகும்? கீழ எறங்குச்சு. கேட் தூண் மேல வந்துச்சு, வாசப்படிக்கு வந்துச்சு, மாடிச் சுவத்து ஓரத்துக்கு வந்துச்சு. எடம் மாறினதோட செய்யுற ஆளும் மாறினாரு, கொத்தனார் கையிலருந்து குயவர் கைக்கு. கண்ணுக்கு நேரா இருக்கிறதால ஜாடை நுணுக்கமாச்சு, பிடரியில ஒவ்வொரு சுருளும் தனித்தனியா வந்துச்சு. 1970கள்ல நாஹாவுல சூளைப் பொகை பிரச்சனை ஆனதால வெறகுச் சூளை போடுறவங்க வெளிய போக வேண்டி வந்துச்சு, கின்ஜோ ஜிரோங்கிற பெரிய குயவர் 1972ல வடக்கால யோமிதானுக்குப் போனாரு, இன்னைக்கு அங்க ஒரு மண்பாண்ட கிராமமே இருக்கு. ட்சுபோயா தெருவும் இன்னும் இருக்கு, கடைக்குக் கடை ஷீசாதான்.

வீட்டுல மட்டும் இல்ல, 1981ல கட்டின நாகோ நகராட்சிக் கட்டடத்தோட முகப்புல 56 ஷீசா வச்சாங்க, ஒவ்வொண்ணும் வேற வேற மொகம். காலம் போகப் போக சிதிலமாகி விழுந்துடும்னு பின்னாடி எறக்கிட்டாங்க, எனக்கு அது வருத்தம்தான். ஏப்ரல் 3ஆம் தேதி ஷீசா தினம், நாலுக்கு ஷி, மூணுக்கு சான், சேத்துச் சொன்னா கிட்டத்தட்ட ஷீசா.

போனா எப்படிப் பாக்கணும்னு கேட்டா, மொதல்ல அது எங்க ஒக்காந்திருக்குன்னு பாருங்க. கூரை மேல தனியா, காரையும் ஓட்டுத் துண்டுமா, மூக்கு ஒரு பக்கம் கோணி இருந்தா அது கொத்தனார் கை. தூண்ல ஜோடியா பளபளன்னு வர்ணப் பூச்சோட இருந்தா குயவர் கை. ஊர் எல்லையில கல்லுல இருந்தா அது கிராமத்தோடது, அது எதைப் பாக்குதோ அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க, ஒரு மலையோ எதிர் ஊரோ இருக்கும். கூரை ஷீசா நெறைய பாக்கணும்னா தென்மேற்கால ரொம்ப தூரத்துல தாகெதோமின்னு ஒரு குட்டித் தீவு, 1987லருந்து அந்த ஊரையே பழைய மாதிரி பாதுகாக்குறாங்க, பவளக் கல் சுவரு, வெள்ளை மணல் தெரு, ஒவ்வொரு கூரையிலயும் ஒரு மொகம். ஒண்ணு கோவமா, ஒண்ணு சிரிச்சுக்கிட்டு, ஒண்ணு எதையோ மறந்துட்ட மாதிரி.

கூரை ஷீசாவைப் பேத்து எடுத்துட்டுப் போறது லேசுல முடியாது. காரையால ஓட்டோட ஒட்டியே கட்டினது, வீட்டை இடிச்சா அதுவும் பெரும்பாலும் ஒடைஞ்சுடும். நாஹாவுல ஒரு சந்துல, புதுசா கட்டின மூணு மாடி கான்கிரீட் வீட்டு வாசல்ல, சின்னத் தோட்டத்துல ஒரு ஷீசா பாத்தேன். அடியில அது முன்ன ஒக்காந்திருந்த நாலஞ்சு செவப்பு ஓடும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, சுத்தி அறுத்து எடுத்திருக்காங்க. ஒரு காது இல்ல. அந்த எடத்துல புதுக் காரை வச்சு வேற யாரோ ஒரு காது செஞ்சிருந்தாங்க, அது இன்னும் மஞ்சளாவே இருந்துச்சு.